எதுக்கெடுத்தாலும் இன்னொரு பட்டை போட்டா சரியாயிருமா?

ஒரு பழைய பிக்கப்போட பின் சஸ்பென்ஷன ஒழுங்கா பாத்துக் குடுங்கன்னா ஏன்யா இந்தப் பாடு படுத்துறீங்க? பின்னாடி ஒரு பக்கம் உக்காந்துருக்கு, குழில எறங்குனா டொம்முனு அடிக்குது, என்னன்னு பாருங்கன்னு வண்டிய விட்டா கீழ குனிஞ்சுகூட பாக்காம "ரெண்டு பட்டை சேத்து விட்டுரலாம்ணே"ங்கறான். பட்டைன்னா பின்னாடி பாரத்த தாங்க ஒன்னுமேல ஒன்னா அடுக்கி வச்சிருக்கற வளைஞ்ச ஸ்பிரிங் தகடு, கமான் பட்டைன்னும் சொல்வாங்க. எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதே பதில்தான். பட்டை முனைல இருக்கற ரப்பர் புஷ் போச்சா, பட்டைகள நடுவுல சேத்துப் புடிக்கற சென்டர் போல்ட் கட்டாயிருக்கா, மெயின் பட்டை கண்ணுகிட்ட, அதான் போல்ட் நுழையுற முனை வளையத்துகிட்ட, விரிசல் விட்ருக்கா, ஒன்னையும் பாக்கறதில்ல.

நம்மளது நாகப்பட்டினத்துலேர்ந்து திருச்சிக்கு மீன் ஏத்துற வண்டி. ஐஸ் உருகி உப்புத்தண்ணி ராத்திரி பூரா பாடி இடுக்கு வழியா சொட்டும், சொட்டுறது நேரா கமான் பட்டை மேலயும், பட்டை முனைய வண்டியோட அடிச்சட்டத்துல (சேஸிசு) சேக்குற ஷேக்கிள் மேலயும்தான். போல்ட்டும் புஷ்ஷுக்குள்ள இருக்கற இரும்புக் குழாயும் துருப்புடிச்சு ஒன்னா ஒட்டிக்கும். நட்டு கழண்டு வந்துரும், போல்ட்டு அசையாது, ஸ்பேனர் போட்டு திருப்புனா அதோட சேந்து ரப்பர்தான் முறுக்கிக்கிட்டு கூடவே சுத்தும். கஷ்டமான வேலைதான், யாரும் இல்லைன்னு சொல்லல. துரு எண்ணெய் ஊத்தி ராத்திரி ஊற விடு, அப்பவும் வரலைன்னா ரெண்டு பக்க சந்துலயும் பிளேடு விட்டு போல்ட்ட அறுத்துட்டு, பட்டைய கழட்டி பிரஸ்ல வச்சு புஷ்ஷ தள்ளு. போல்ட்டு போனா போகட்டும், புதுசு வாங்கித் தரேன். கூலி கூட கேளு, தரேன்.

ஆனா இவனுங்க நேரா கேஸ் கட்டர எடுத்து பட்டையோட கண்ண செவக்க செவக்க காய்ச்சுறாங்க! அது ஸ்பிரிங் ஸ்டீல்யா, சிலிக்கான் மாங்கனீசு சேத்த ஸ்டீலு, காய்ச்சி எண்ணெய்ல முக்கி திரும்ப அளவா சூடு காட்டி பதம் ஏத்தி வச்சது, அதைப் போய் செவக்கக் காய்ச்சி சும்மா காத்துல ஆற விட்டா அந்தப் பதம் என்னத்துக்கு ஆகும்? போன தடவ காய்ச்சுன அதே முன்கண்ணு, லோடோட தஞ்சாவூர் தாண்டி போறப்ப கட்டாயிருச்சு. பின் சக்கரங்கள தாங்குற ஆக்சில் ஒரு பக்கம் பின்னால தள்ளிருச்சு, வண்டி நண்டு மாதிரி சைடா இழுக்குது, டயரு பாடில ஒரசி புகையா வருது. நடுராத்திரி ரோட்டுல வேற வண்டி புடிச்சு பாக்ஸ் பாக்ஸா மாத்தி ஏத்துனோம், திருச்சி போய் சேந்தப்போ மார்க்கெட்டே முடிஞ்சுபோச்சு. பட்டறைல போய் கேட்டா "உங்க லோடு அதிகம்ணே"ன்னு கூசாம சொல்றான்.

மாட்டுறப்பவாச்சும் ஒழுங்கா மாட்டுறாங்களா? ரப்பர் புஷ் போட்ட வண்டிய ஜாக்கில தூக்கி, ஆக்சில் தொங்கிட்டு இருக்கறப்பவே கண்ணு போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் முழு டைட் வச்சுர்றாங்க. வண்டிய எறக்குனதும் பட்டை நிமிரும், ரப்பர் அந்த முறுக்குலயே நிக்கும், கொஞ்ச நாள்ல கிழிஞ்சு பழைய சத்தம் திரும்ப வரும். கையால விட்டு வச்சுட்டு, சக்கரம் தரைல நின்னு பாரம் எறங்குனப்புறம் கடைசி டைட் வைக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகுது? பட்டை அடுக்க ஆக்சிலோட கட்டுற யு போல்ட்டு ஒருக்கா இழுத்து டைட் வச்சா நீண்டுரும், அதையே திரும்ப மாட்டுனா நிக்காது, புதுசு போடுங்கன்னா "நல்லாத்தானே இருக்கு"ங்கறாங்க. அது லூசாச்சுன்னா சென்டர் போல்ட்டு வெட்டிக்கும், அப்புறம் ஆக்சில் எந்தப் பக்கம் போகும்னு யாருக்குத் தெரியும்.

அப்புறம் இந்த எக்ஸ்ட்ரா பட்டை. பட்டைய சேத்தா வண்டி தூக்கிட்டு நிக்கும், பாக்க கெத்தா இருக்கும், சரி. ஆக்சில், ஹப் பேரிங், சேஸிசு எல்லாம் அதே பழசுதானே? நிறைய பிக்கப்புல ஆக்சிலுக்கும் சேஸிசுக்கும் நடுவுல கம்பி குடுத்து ஒரு பிரேக் வால்வு வச்சிருப்பாங்க, லோடு ஏறி பின்னாடி எறங்குனா பின் பிரேக்குக்கு பிரஷர் கூட்டும், காலியா தூக்கி நின்னா குறைக்கும். நீ பட்டைய சேத்து தூக்கிட்டா முழு லோடுலயும் வண்டி காலின்னுதான் அந்த வால்வுக்குத் தெரியும், பின் பிரேக் வேணுங்கற அளவு புடிக்காது. மீனோட, ஆளோட, ராத்திரி ஹைவேல போற வண்டிய்யா இது! ஆர்சில இருக்கற எடையும் பட்டை போட்டதால மாறாது, மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபா, அதோட கூடுதலா ஏத்துன ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அந்தக் காச பட்டறைக்காரரா கட்டுவாரு?

இப்ப திரும்ப எடது பக்கம் எறங்கிருக்கு. நாகப்பட்டினம், காரைக்கால், திருவாரூர் பக்கம் கண்ணுல கேஸ் வைக்காம பட்டைய கழட்டி, புது யு போல்ட் போட்டு, வண்டிய எறக்கி வச்சு டைட் பண்ற ஆளு யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, ரெண்டு நாள் வண்டி நின்னாலும் பரவால்ல.