நாய்க்கு ஐஸ் தண்ணீர் ஆகாதா?

பாளையங்கோட்டைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “வெயிலில் நாய்க்கு ஐஸ் தண்ணீர் கொடுத்தால் வயிறு முறுக்கிச் செத்துவிடும். சூடு தாங்காமல் விழுந்தாலும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள்.”

இரண்டுமே தவறு. வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் உண்டுதான். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு அது அதிகம் வரும். ஒரே வேளையில் அவசரமாக நிறையத் தின்பதும் ஒரு காரணம். ஐஸ் கட்டி அல்ல.

இரண்டாவது வரிதான் ஆபத்து. நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உயிருக்கே மோசம். விடாமல் மூச்சிரைத்து, எச்சில் கோழையாக வடிந்து, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், தோல்வரை நனையத் தண்ணீர் ஊற்றி, ஃபேனைப் போடுங்கள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் அது வெந்நீர். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டால் சூடு உள்ளேயே நிற்கும். மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் குளிர வையுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி.

சந்தேகம் இருந்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையிலோ கேட்டுப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், சரி, அதே குழுவில் ‘இது தவறு’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.