வாடகை குறைஞ்சா செலவு குறைஞ்சதா?

கடைக்காரர்களைக் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கம்ப்யூட்டருக்கு, மாறச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் நடந்த கூட்டம் பற்றி ஆளாளுக்கு இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கேட்டது ஒரே கேள்வி: "செலவு பாதியாகும் என்கிறீர்களே, கிளவுடிலிருந்து டேட்டா வெளியே போகிற கட்டணத்தைச் சேர்த்துத்தான் சொல்கிறீர்களா?" அதற்கு மேடையிலிருந்து வந்த பதில், "சார் இன்னும் சர்வர் ரூம் காலத்திலேயே இருக்கார்." அரங்கமே சிரித்தது. சிரிக்கட்டும். கேள்விக்குப் பதில் மட்டும் இன்றுவரை வரவில்லை.

கிளவுடில் விலை குறையவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? 2006-ல் அமேசானின் டேட்டா சேமிப்புச் சேவையான எஸ்3 வந்தபோது ஒரு ஜிபிக்கு மாதம் 15 சென்ட். இன்று அதன் மும்பை மையத்தில் இரண்டரை சென்ட். ஆறில் ஒரு பங்கு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடகை குறைந்தது வேறு, உங்கள் செலவு குறைந்தது வேறு. குறைந்தது தொடங்குவதற்கான செலவு. லட்ச ரூபாய் முதல் போடாமல் இன்று மாலையே ஒரு மெஷினை ஓடவிடலாம். அது பெரிய விஷயம்தான். அதற்கு அடுத்த மாதம் என்ன ஆகிறது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

கணக்குப் போடுவோம். அமேசானின் மும்பை மையத்தில் டி3.மீடியம் என்கிற வாடகை மெஷின், 2 விசிபியு (பிராசசர் பங்கு), 4 ஜிபி ராம். மாதம் முழுக்க ஓடினால் சுமார் 33 டாலர். ஸ்லைடில் காட்டுவது இதைத்தான். அதிலிருந்து மாதம் 500 ஜிபி வெளியே போனால், முதல் 100 ஜிபி இலவசம், மீதிக்கு ஜிபிக்கு 11 சென்ட் வீதம் 44 டாலர். மெஷின் வாடகையைவிட அதிகம்! 100 ஜிபி டிஸ்க் 9 டாலர். மெஷினை நிறுத்தினாலும் டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். பொது ஐபி முகவரிக்கு (இணையத்தில் மெஷினின் விலாசம்) 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு அரை சென்ட். பழைய ஸ்நாப்ஷாட்டுகள் (டிஸ்க்கின் நகல்கள்) தனி. மேலே 18% ஜிஎஸ்டி. காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுவது) இருக்கிற கடைக்காரருக்கு அது திரும்பக் கிடைக்காது. பட்டியல் விலை டாலரில் என்பதால் ரூபாய் சரிந்தாலும் உங்கள் தலையில்தான்.

"செலவு எல்லை தாண்டினால் எச்சரிக்கிற பட்ஜெட் அலர்ட் போடலாமே சார்" என்பார்கள். போடுங்கள். வெறும் அலர்ட் மெயில்தான் அனுப்பும், தானாக எதையும் அணைக்காது. ராத்திரி வந்த மெயிலைக் காலையில் பார்ப்பீர்கள்.

மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலை. நான்கு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் பதிவு. ஒரு கேமராவுக்கு நாளைக்கு 21.6 ஜிபி, நான்குக்கும் சேர்த்து 86. முப்பது நாள் பதிவு வைத்திருந்தால் 2.6 டெராபைட், அதற்கு வாடகை மட்டும் மாதம் 65 டாலர். ஏற்றுவது இலவசம், முதலாளி போனில் திறந்து பார்ப்பதற்குத்தான் காசு. அங்கேயே ஒரு 4 டிபி டிஸ்க் போட்டால் 46 நாள் பதிவு நிற்கும். இதைக் கிளவுடுக்கு ஏற்றச் சொன்னவருக்குக் கமிஷன் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆலைக்காரர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

டெல்டாக்காரர்களுக்கு இது புரியாத விஷயமா? இரண்டு ஏக்கருக்கு யாரும் அறுவடை மெஷின் வாங்குவதில்லை, மணிக்கணக்கில் வாடகை பேசுகிறோம். அதே மெஷினை வருஷம் பூரா வயலில் நிறுத்தி வைத்து வாடகை கொடுப்போமா? கிளவுடில் அதைத்தான் செய்கிறார்கள், டிஜிட்டல் மாற்றம் என்று பெயர் வைத்து.

தை, மாசியில் மட்டும் எகிறுகிற அறுவடை புக்கிங் ஆப்புக்குக் கிளவுடை விட்டால் வழியில்லை. சோதனை மெஷினை வாரம் 60 மணி நேரம் மட்டும் ஓடவிட்டு மீதி 108 மணி நேரம் அணைத்து வைத்தால் வாடகையில் 64% மிச்சம். நடுவில் நின்றாலும் பரவாயில்லை என்கிற வேலையை ஸ்பாட்டில் (எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும் மலிவு மெஷின்) ஓட்டினால் 90% வரைகூடக் குறையும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் நானே கைதட்டுவேன். சொல்லவில்லையே!

"யுபிஎஸ் பேட்டரி, ஏசி, கரண்ட் பில், பார்த்துக்கொள்கிற ஆள் சம்பளம், அதெல்லாம் செலவில்லையா?" செலவுதான். சேர்த்துத்தான் கணக்குப் போடச் சொல்கிறேன். ஆள் சம்பளம் கிளவுடிலும் போகாது, ஆள்தான் மாறுவார். "கஜா புயல் அடித்தபோது உங்கள் சர்வர் என்ன ஆனது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 2018 நவம்பரில் வேதாரண்யம், மன்னார்குடி பக்கமெல்லாம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்காகத்தான் பேக்கப்பைக் கிளவுடில் வையுங்கள் என்கிறேன். பேக்கப்பைத் தம்பி, சிசிடிவியை இல்லை.

ஃபைல் சேமிப்புக் கம்பெனியான டிராப்பாக்ஸ் அமேசானிலிருந்து பெரும்பகுதியைத் தன் சொந்த மெஷினுக்கு மாற்றி, இரண்டு வருஷத்தில் ஏழரைக் கோடி டாலர் அளவுக்கு மிச்சம் பிடித்ததைத் தன் பங்கு வெளியீட்டு ஆவணத்திலேயே எழுதியது. அவர்களும் சர்வர் ரூம் காலத்து ஆட்கள் போலிருக்கிறது. "அது பெரிய கம்பெனி, நமக்குப் பொருந்தாது" என்பீர்கள். சரி, அப்படியானால் பெரிய கம்பெனிகளுக்குச் செலவு குறைந்த கதையை மட்டும் கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரரிடம் ஏன் சொல்கிறீர்கள்?

எனக்குச் சர்ட்டிஃபிகேட் கிடையாது, டை கட்டத் தெரியாது. கடைசி மூன்று மாத பில்லை, கடைப் பெயரை மறைத்துவிட்டு, அனுப்புங்கள். எந்த வரியில் காசு ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். கமிஷன் வேண்டாம்.