பழச்சாறு உடலின் நச்சுகளை வெளியேற்றுமா?

மூன்று நாள்கள் உணவைத் தவிர்த்துப் பழ, காய்கறிச் சாறுகளை மட்டும் குடித்தால் உடலில் சேர்ந்த நச்சுகள் வெளியேறிவிடும் என்றும், நார் நீக்கப்படுவதால் சத்துகள் முழுமையாக உடலில் சேரும் என்றும் ஒரு தகவல் பரவி வருகிறது. இது தவறு.

உடலின் கழிவுகளை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகங்களும்தான். அவற்றின் பணியைச் சாறு விரைவுபடுத்துவதாக நம்பத்தக்க சான்று இல்லை. அந்நாள்களில் குறையும் எடையிலும் பெரும்பகுதி நீரே.

நார் பற்றிய கூற்று உண்மையைத் தலைகீழாக்குகிறது. சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தை மட்டுப்படுத்துவதும், வயிறு நிறைந்த உணர்வைத் தருவதும், குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு உணவாவதும் அந்த நார்தான். முழுப் பழத்திலுள்ள சர்க்கரையைக் கணக்கில் சேர்க்காத உலகச் சுகாதார நிறுவனம், பழச்சாற்றின் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டிய வகையில் வைத்து, அவ்வகைச் சர்க்கரை முழுவதையும் நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள், அதாவது 2000 கலோரி உண்பவருக்குச் சுமார் 50 கிராமுக்குள், நிறுத்தும்படி 2015-இல் பரிந்துரைத்தது. இனிப்பு சேர்க்காத ஒரு கோப்பை ஆரஞ்சுச் சாற்றிலேயே ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை உண்டு.

சாறே கூடாது என்பதில்லை. புதிதாகத் தொடங்குபவர் காய்கறிகளை மிகுதியாகவும் பழத்தைக் குறைவாகவும் சேர்த்து, நன்கு கழுவிப் பிழிந்து, உணவுடன் ஒரு சிறு குவளை உடனே அருந்தலாம். வடிகட்டாமல் மிக்சியில் அரைத்தால் நாரும் தங்கும். சிறுநீரக நோயாளிகளும், நீரிழிவுக்கோ இரத்தம் உறைவதைத் தடுக்கவோ மருந்து உட்கொள்பவர்களும் முன்னதாக மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.