அறுபது வயதில் அலங்காரம் யாருக்காக என்று கேட்பவர்களுக்கு

1975-இல் வந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஸ்ரீவித்யாவின் கணவராக ரஜினிகாந்த் நடித்தார். 1991-இல் 'தளபதி'யில் அதே ஸ்ரீவித்யா அவருக்கு அம்மா. ரஜினி பிறந்தது 1950 டிசம்பரில், ஸ்ரீவித்யா 1953 ஜூலையில். மகனைவிட இரண்டரை வயது இளைய அம்மா. சுஜாதாவுக்கும் இதுதான் நடந்தது. 1977-இல் 'அவர்கள்' படத்தில் ரஜினிக்கு மனைவி, 2002-இல் 'பாபா'வில் அம்மா. இரண்டு பேரும் எப்பேர்ப்பட்ட நடிகைகள்! அம்மா வேடத்திலும் நம்மை அழ வைத்தவர்கள். ரஜினியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாம் எல்லோரும் டிக்கெட் வாங்கிப் பார்த்தோம், யாருக்கும் உறுத்தவில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. நாற்பதை நெருங்கும் பெண்ணை வெளிர் நிறச் சேலையில் ஓரமாக நிற்க வைத்துவிடலாம் என்று ஊரே சேர்ந்து ஒப்புக்கொண்டது போல இருந்தது. 2011-இல் 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த தலையோடு வந்தபோது அவருக்கு 40 வயது. அந்த நரை ஸ்டைலாகிவிட்டது.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சில நாட்களுக்கு முன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரிசப்ஷன் படம் வந்தது. எங்கள் உறவில் ஒரு அத்தை, அறுபதைத் தாண்டியவர். கை இல்லாத ரவிக்கை, அடர் சிவப்பு லிப்ஸ்டிக், தோள் வரை வெட்டிய முடி. எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதற்குக் கீழே ஒருவர் "இந்த வயசுல இதெல்லாம் தேவையா" என்று எழுத, இன்னொருவர் "யாருக்குக் காட்ட?" என்று கேட்டிருந்தார். கேட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். அத்தை பதில் எதுவும் போடாமல் படத்தை நீக்கிவிட்டார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

யாருக்குக் காட்ட என்ற இந்தக் கேள்வியைச் சும்மா விடக்கூடாது. நம் ஊரில் வயதான பெண் அலங்காரம் செய்துகொள்ளவே கூடாது என்று யாரும் சொல்வதில்லை. தாராளமாகச் செய்துகொள்ளலாம், ஆனால் வேறு யாருடைய பெயரிலாவது கணக்கு எழுத வேண்டும்.

திருக்கடையூருக்குப் போய்ப் பாருங்கள். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம். அதனால்தான் நீண்ட ஆயுள் வேண்டி 60-க்கு மணிவிழா, 70-க்கு பீமரத சாந்தி, 80-க்கு சதாபிஷேகம் என்று தினமும் அங்கே தம்பதிகள் வருகிறார்கள். மனைவிக்குக் கழுத்தில் மாலை, தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், பட்டுப்புடவை, புதுத் தாலி. இப்போதெல்லாம் பியூட்டிஷியனையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார்கள். பேரன் பேத்திகள் கைதட்டுகிறார்கள். அந்தப் பெண்கள் எவ்வளவு அழகாக இருக்கிறார்கள்! எனக்கு அந்தச் சடங்கு மிகவும் பிடிக்கும், குறை சொல்ல மனம் வராது. ஆனால் யோசியுங்கள். அவள் மறுபடி மணப்பெண்ணாவது அவருக்கு அறுபது நிறைந்ததால். அவளுக்கு அப்போது 54 இருக்கலாம், 56 இருக்கலாம், அது கணக்கில் இல்லை. அவளுக்கு அறுபது நிறையும் நாளில் வீட்டில் வழக்கம் போல இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருப்பாள். கல்யாணமே செய்துகொள்ளாதவளுக்கும் கணவனை இழந்தவளுக்கும் அந்தக் கோயிலில் மாலையும் மேளமும் கிடையாது.

இன்னொரு கணக்கு, கடவுள் பெயரில் எழுதுவது. 2024-இல் வைஜயந்திமாலா அயோத்தியில் ஆடிய வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தொண்ணூறு வயதில் முழு பரதநாட்டிய ஒப்பனை, தலை நிறையப் பூ, மையிட்ட கண், அபிநயம். நாடே கொண்டாடியது, நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதே ஒப்பனையோடு அதே வயதில் ஒரு பாட்டி பேத்தியின் பிறந்தநாள் விழாவுக்கு வந்திருந்தால் என்ன பேசியிருப்போம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் மதுரைக்காரர்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் எங்களுக்கு அதற்கு முன்பே அது ஊரின் அடையாள அட்டை மாதிரி. பூ வைக்காமல் ஒரு பெண் கடைத்தெருவுக்குப் போனால் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரிப்பார்கள். அப்பா போனபோது அம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. பதினாறாம் நாளுக்குப் பிறகு அவள் தலையில் பூவே ஏறவில்லை. ஆனால் சாயங்காலம் உதிரி மல்லி வாங்கி, நெருக்கமாகக் கட்டி, எங்கள் மூன்று பேர் தலையிலும் வைத்துவிடுவாள். அவள் கட்டும் சரத்துக்குத் தெருவில் பெயர் உண்டு. அடுத்தடுத்த வீட்டு விசேஷங்களுக்கும் அவள்தான் கட்டிக் கொடுப்பாள், கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள். நரை வந்த பிறகு அம்மாவின் முகம் இன்னும் அழகானது. அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னால் தப்பாகிவிடும் என்று எங்களுக்கே ஒரு பயம்.

அந்தத் தலைமுறைக்கு பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாள் ஒரு பெரிய உதாரணம். 1933 டிசம்பரில் கணவர் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. அன்று முதல் வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு, நகை இல்லை, பொட்டு இல்லை. அந்தக் கோலத்திலேயே அவர் தமிழ்நாட்டை ஆண்டார். 1935-இல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார், பின்னாளில் மேலவை உறுப்பினர் ஆனார். 1953-இல் ஔவையாராக நடித்தார். அது எவ்வளவு பொருத்தம் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். ஔவை கதையில் அந்த இளம்பெண் பிள்ளையாரிடம் கேட்டு வாங்குவதே முதுமையைத்தான். அழகு இருந்தால் கல்யாணம் செய்து வைத்துவிடுவார்கள், கிழவியாகிவிட்டால் ஊர் ஊராகப் போகலாம், அரசன் முன்னால் உட்கார்ந்து நியாயம் பேசலாம். காரைக்கால் அம்மையார் இன்னும் ஒரு படி மேலே போய் உடம்பின் சதையையே உதறிவிட்டுப் பேய் உருவம் கேட்டு வாங்கினார்.

இந்த விடுதலை எனக்குப் புரிகிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஓய்வு பெற்ற மறு மாதமே பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார், அதற்குப் பிறகு முடி வளர்க்கவே இல்லை. குளித்தோமா துவட்டினோமா என்று இருக்கிறது என்பார். அவருக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. சுந்தராம்பாளின் வெள்ளைச் சேலையும் அவருடைய சொந்த முடிவு, கும்பிடத் தோன்றும் வைராக்கியம். ஆனால் நம் சமூகம் என்ன செய்தது? ஒருத்தியின் வைராக்கியத்தை எடுத்து மற்ற எல்லோருக்கும் அளவுகோலாக நட்டு வைத்தது. என் அம்மா வைராக்கியம் எதுவும் எடுக்கவில்லை. பூவை வைத்துக்கொள்ள விடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. 2022 மே மாதம் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் கிராமப் பஞ்சாயத்து, கணவன் இறந்தால் வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது எல்லாம் இனி கூடாது என்று தீர்மானமே போட்டது. நகரங்களில் நரையை மறைக்காமல் இருப்பதும் இப்போது பாராட்டப்படுகிறது. இந்தி நடிகை ஜீனத் அமான் 2023-இல் 71 வயதில் இன்ஸ்டாகிராமுக்கு நரைத்த முடியோடு வந்தார், இளம் பிள்ளைகள் அப்படிக் கொண்டாடினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பாராட்டிலும் ஒரு வலி எனக்கு இருக்கிறது. நரையை விட்டவளை 'தைரியசாலி' என்கிறோம், உடனே டை அடிப்பவளைப் பார்த்து 'வயசை ஒத்துக்க மாட்டேங்கிறா' என்கிறோம். முன்பு ஒரு அளவுகோல் இருந்தது, இப்போது இரண்டு இருக்கிறது.

அந்தத் தைரியத்துக்கு விலையும் உண்டு. கனடாவில் சிடிவி தொலைக்காட்சியின் தலைமைச் செய்தி வாசிப்பாளராக இருந்த லிசா லஃப்ளாம், 2020-இல் கொரோனா நேரத்தில் சாயம் பூசுவதை விட்டுவிட்டு நரையோடு செய்தி வாசித்தார். 2022 ஆகஸ்டில், அங்கே 35 ஆண்டு வேலை பார்த்த பிறகு, 58 வயதில் அவருடைய ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. வணிக முடிவு என்றது நிறுவனம். நரைதான் காரணமோ என்று நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது. உண்மை எதுவாக இருந்தாலும், ஒரு ஆண் செய்தி வாசிப்பாளரின் தலைமுடியைப் பற்றி அப்படி ஒரு விவாதம் நடந்திருக்கவே நடந்திருக்காது.

அதனால் டை அடிக்கும் பெண்களைக் கேலி செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வங்கியிலும் பள்ளியிலும் ஜவுளிக்கடையிலும் நிற்கும் பெண்ணுக்கு அது பல நேரம் வேலையைக் காப்பாற்றும் செலவு. இன்னொன்று, உடம்பு மாறும் வேகத்தையும் நாம் பேசுவதில்லை. நம் நாட்டில் மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தைய முதல் ஐந்து ஆண்டுகளில் தோலில் இருக்கும் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதாவது சில வருடங்களுக்குள் கண்ணாடியில் வேறு ஒரு முகம் வந்து நிற்கிறது. வகிடு அகலமாகிறது, கன்னம் தொங்குகிறது. அந்தப் புது முகத்தோடு பழகிக்கொள்ள ஒருத்தி லிப்ஸ்டிக்கைக் கையில் எடுத்தால் அதில் கேவலம் என்ன இருக்கிறது?

(டை அடிக்கும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பிபிடி என்ற பொருள் இருக்கும். பல வருடம் ஒத்துக்கொண்டது ஒரு நாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் இமையும் காதும் வீங்கிவிடும். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பே கொஞ்சம் தடவிப் பாருங்கள். அவுரி, மருதாணி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பின்பக்கம் இருக்கும் சிறிய எழுத்தைப் படித்துவிடுங்கள்.)

சரி, "யாருக்குக் காட்ட?" என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு இப்போதெல்லாம் நம் பிள்ளைகள் சொல்லித்தரும் பதில், "எனக்காக". நல்ல பதில்தான், ஆனால் எனக்கு அது முழுசாக வாய்க்கு வரவில்லை. எனக்காக மட்டும் என்றால் நைட்டி போதும். பட்டுப்புடவை கட்டி, மடிப்பைச் சரிசெய்து, கண்ணுக்கு மை போட்டு நான் வெளியே போவது நாலு பேர் பார்ப்பதற்காகத்தான். பார்க்கட்டும். இந்தப் புடவை எங்கே வாங்கினீர்கள் என்று யாராவது கேட்கட்டும். ஐம்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு நான் சொல்வது புரியும். கடையில் நம்மைத் தாண்டி அடுத்தவரிடம் போய் "என்ன வேணும்?" என்பார்கள். மருத்துவர் நம் வலியை நம் மகனிடம் விசாரிப்பார். கூட்டத்தில் நாம் பேச ஆரம்பித்தால் எல்லோரும் போனை எடுப்பார்கள். பார்க்கப்படுவது என்பது கவனிக்கப்படுவதோடும் மதிக்கப்படுவதோடும் பிணைந்து கிடக்கிறது. அந்த ஆசை அறுபதில் போய்விட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் எனக்குக் கட்டளை போட முடியாது.

உஷா உதுப்பை எனக்குப் பிடிப்பதும் இதனால்தான். 1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில் சேலை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாட ஆரம்பித்தவர். 1947-இல் பிறந்தவர். இன்றும் மேடைக்கு வந்தால் காஞ்சிப் பட்டு, பெரிய பொட்டு, தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், காலில் பட்டுத்துணி வைத்துத் தைத்த ஷூ. வயதுக்குப் பயந்து ஒரு நிறத்தைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. அவர் வந்து நின்றால் அரங்கமே அவரைத்தான் பார்க்கிறது. அதை அவர் ரசிக்கிறார் என்பது முகத்திலேயே தெரிகிறது.

அழகு வியாபாரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சுருக்கத்தை நோய் மாதிரிக் காட்டி க்ரீம் விற்பவர்கள் மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு. பணம் இருப்பவர்கள் ஊசி போட்டுக்கொள்வதும் போட்டுக்கொள்ளாததும் அவரவர் பாடு. நான் கேட்பது அதைவிட மிகச் சாதாரணமான ஒன்று.

சில வருடங்களுக்கு முன் என் தங்கையின் கணவர் தவறிவிட்டார். பதினாறாம் நாளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி எடுக்க வேண்டும். பெரியவர்கள் சந்தன நிறத்தில் கரையில்லாத சேலை என்று முடிவே செய்துவிட்டார்கள். நானும் தம்பி மனைவியும் கடைக்குப் போய் மயில்கழுத்து நிறத்தில், அரக்குக் கரை வைத்த பட்டு எடுத்து வந்தோம். அதைப் பார்த்ததும் கூடத்தில் சத்தம் கிளம்பியது. சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பெரியம்மா, "நாளைக்கு ஊரு கேட்டா யாருடி பதில் சொல்றது?" என்றார். உள்ளே இருந்து தங்கை வந்தாள். "பெரியம்மா, நான் சொல்லிக்கிறேன், அதைக் கொடுங்க" என்று கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அந்தச் சேலையைத்தான் அன்று கட்டினாள். மெட்டி போடுவதில்லை, அது அவள் முடிவு. பூ வைக்கிறாள், நகப்பூச்சு போடுகிறாள், மகளின் வளைகாப்பில் முதல் வளையலை அவள்தான் போட்டாள். பெரியம்மா அந்த வளைகாப்புக்கு வந்திருந்தார், சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது என்று தெரியும். ஆனால் அந்தப் பதினாறு நாளில் சேலையின் நிறத்தை முடிவு செய்ய உட்காருபவர்களில் இதைப் படிக்கும் உங்களில் சிலரும் இருப்பீர்கள். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். அவர் வெள்ளைதான் வேண்டும் என்று சொன்னால் வெள்ளையே எடுங்கள். பேசும் நிலையில் அவர் இல்லையென்றால் நாலு நிறத்தில் எடுத்து வையுங்கள், அப்புறம் அவர் எடுத்துக்கொள்ளட்டும். அந்த ரிசப்ஷன் படத்தை நீக்கிய அத்தைக்கும் நான் போன் செய்து பேசினேன். மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன். போட்டால் முதல் கமெண்ட் என்னுடையது.