முக்கால் லட்சம் வாங்கிவிட்டு ஒரு பொத்தான் வைக்க மனசில்லையா?

ஓவர்கிளாக்கிங்குக்கென்றே, அதாவது பிராசஸரையும் ரேமையும் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கென்றே, செய்த கம்ப்யூட்டர் மதர்போர்டு என்று பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டு முக்கால் லட்சம் வாங்கிவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் போர்டில் பாதியை அலுமினியத் தகடு மூடியிருக்கிறது. அதன் மேல் ஆர்ஜிபி விளக்கு. விளக்கு எரிந்துவிட்டுப் போகட்டும், மாற்றிய செட்டிங்கையெல்லாம் அழித்துப் போர்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கிளியர் சிமாஸ் பொத்தான் எங்கே?

பொத்தானே கிடையாது. அதற்குப் பதில் தொட்டு இணைக்க வேண்டிய இரண்டு பின் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில். ரேம் டைமிங்கை, அதாவது ரேம் பதில் சொல்ல எடுக்கும் நேரத்தை, ஒரு படி கூடுதலாக இறுக்கினால் போர்டு எழுந்திருக்காது. ஓவர்கிளாக் செய்கிறவனுக்கு இது தினப்படி சமாச்சாரம். அந்த ஒவ்வொரு தடவையும் மூன்று ஸ்லாட் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் கார்டைக் கழற்றி மாட்ட வேண்டும். கழற்றுவதென்றால் ஸ்லாட் நுனியில் இருக்கிற பிளாஸ்டிக் கொக்கியை அமுக்க வேண்டும். ஒரு பக்கம் சிபியு கூலர், இன்னொரு பக்கம் எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட்டின் ஹீட்சிங்க் (சூடு தணிக்கும் தகடு), மேலே கார்டின் முதுகுத் தகடு. விரல் போகாது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால், கை நழுவுகிற ஒரு நொடியில் போர்டே காலி. போர்டின் பேட்டரியைக் கழற்றினாலும் செட்டிங் அழியும், அதை எடுத்துவிடலாமே என்பீர்கள். அதையும் ஹீட்சிங்குக்கு அடியில்தான் ஒளித்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

சரி, ஏன் எழுந்திருக்கவில்லை என்றாவது சொல்கிறதா? இரண்டு இலக்க டீபக் டிஸ்பிளே இருந்தால் எங்கே நிற்கிறது என்று தெரியும். 55 வந்தால் ரேமே தெரியவில்லை என்று அர்த்தம், போய் ரேமை அழுத்திப் பார்க்கலாம். இந்தப் போர்டிலோ நான்கு பொடி விளக்குகள். டிராம் (ரேமைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) விளக்கு எரிகிறது. ரேமில் என்னப்பா கோளாறு? அது சொல்லாது.

அப்புறம் நான்கு ரேம் ஸ்லாட். ரேம் வேகத்தை எல்லை வரை தள்ளுகிற போர்டுகளில் இரண்டு ஸ்லாட் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிராசஸரிலிருந்து ரேமுக்குப் போகும் தடம் குட்டையாக இருக்கும், காலி ஸ்லாட் குறுக்கே நின்று சிக்னலைக் கெடுக்காது. இது தெரியாதவர்களா இவர்கள்? இவிஜிஏ கம்பெனி தன் இசட்690 டார்க் போர்டில் பிராசஸர் சாக்கெட்டையே 90 டிகிரி திருப்பி, இரண்டே ரேம் ஸ்லாட் வைத்து, பவர் கனெக்டர்களை விளிம்போரம் படுக்கைவாட்டில் வைத்தது. மனசிருந்தால் செய்யலாம். மல்டிமீட்டர் முனையை வைத்து உண்மையான வோல்டேஜைப் பார்க்க நாலு புள்ளி கூட இதில் இல்லை. மென்பொருள் காட்டுகிற எண்ணை நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

பிராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் பேஸ்களின் எண்ணிக்கையை மட்டும் ஏலம் கேட்கிற மாதிரி வருஷா வருஷம் ஏற்றுகிறார்கள். கடைக்காரரும் "இருபத்தி நாலு பேஸ் சார்" என்கிறார். இந்தப் போர்டின் ஐந்தாம் தலைமுறை எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டியைப் போட்டால் கிராபிக்ஸ் கார்டு எக்ஸ்16-லிருந்து எக்ஸ்8-க்கு, அதாவது தரவு போகும் லேன் பதினாறிலிருந்து எட்டுக்கு, இறங்கிவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. இதில் மாட்டும் இன்டெல் எல்ஜிஏ 1700 சாக்கெட் பிராசஸரில் பிசிஐஇ 5.0 (அந்த ஐந்தாம் தலைமுறை) லேன் மொத்தமே 16தான், அதிலிருந்துதான் பிடுங்கிக் கொடுக்கிறார்கள். அது கையேட்டில், அட்டவணைக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருக்கிறது. பெட்டி மேல் போட இடமில்லை போல. உள்ளே மட்டும் ஒரு கத்தை ஸ்டிக்கருக்கும் ஒரு சாவி வளையத்துக்கும் தாராளமாக இடமிருந்தது.