குருனால் பாண்டியா மெட்ச்: அந்த வொய்ஸ் சொல்றது பொய்

திருமலை கிரிக்கெட் குரூப்புகள்ல ஒரு வொய்ஸ் மெசேஜ் சுத்துது, நேத்து மெக்கெய்சர் கிரவுண்ட்ல பந்து போடேக்கயும் ஒரு தம்பி போட்டுக் காட்டினான். 2021ல கொழும்புக்கு வந்த இந்திய வீரர் குருனால் பாண்டியாவுக்கு கொரோனா எண்டாங்களாம், அடுத்த நாளே அவர் விளையாடினாராம், அதால பீசிஆர் எல்லாம் சும்மா காசு பிடுங்குற வேலையாம்.

அவர் விளையாடவே இல்ல ஐயா! ஜூலை 27 காலையில அன்டிஜன் டெஸ்ட்ல பொசிட்டிவ், உடனே ரெண்டாவது டி20ய 28க்குத் தள்ளிட்டாங்க, நடந்தது மெட்ச் மட்டும்தான், அவர் ரூமுக்குள்ள. நெருங்கிப் பழகின எட்டுப் பேர வேற ஒதுக்கி வச்சதால ஆள் காணாம இந்தியா நாலு புதுப் பிள்ளையள ஒரே நாள்ல இறக்கிச்சு, நாங்க 4 விக்கெட்டால வெண்டம் (அது மட்டும் வொய்ஸ்ல வராது பாருங்க).

"நெகட்டிவ் வந்தவன ஏன் அடைச்சு வச்சாங்க" எண்டும் அதில கேக்குறார், நியாயமான கேள்விதான். வைரஸ் உள்ள போன உடனே டெஸ்ட்ல பிடிபடாது, உடம்புக்குள்ள அதின்ர அளவு கூடுறதுக்கு ரெண்டு மூண்டு நாளாவது போகும், சிலருக்கு இன்னும் கூட, அதுக்குள்ள எடுத்தா நெகட்டிவ்தான் காட்டும். அந்த எட்டுப் பேரும் முதல்ல நெகட்டிவ், ஆனா 30ம் திகதி அதில சாஹலுக்கும் கௌதமுக்கும் பொசிட்டிவ். விளையாட விட்டிருந்தா ரெண்டு டீமும் சேந்துதான் படுத்திருக்கும்.