எதிராளியைக் கழற்றிவிட்டுச் சுழலும் கம்பு

போன வாரம் ஒரு நவீன நடன நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். சிவப்பு வெளிச்சம், புகை, நடுவில் ஐந்து பேர், கையில் சிலம்பக் கம்பு. அழகாகத்தான் சுழற்றினார்கள், ஆனால் ஒருத்தர் கண்ணும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கொஞ்ச காலம் சிலம்பம் கற்றவன் என்பதால் எனக்கு அதுதான் உறுத்தியது. முதல் மாதம் முழுக்க எங்கள் ஆசான் கம்பையே தரவில்லை, வெறும் காலடிதான். கம்பு கைக்கு வந்த பிறகும் "கம்ப பாக்காத, எதிர்ல நிக்கிறவன் தோள பாரு" என்பார். எதிராளி இல்லாத வீச்சு வெறும் காற்றாடி.

உடனே "மரபின் புனிதம் கெட்டுப்போச்சு" கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். நாம் தலையில் தூக்கி வைத்திருக்கும் பரதநாட்டியமே, தேவதாசிகள் ஆடிவந்த சதிர் ஆட்டமாக இருந்ததை 1930களில் மாற்றி மேடையேற்றியதுதான் (அதை ஆடிவந்த குடும்பங்கள் என்ன ஆயின என்பது தனிக்கதை). ஒடிசாவின் மயூர்பஞ்ச் சௌ, வாளும் கேடயமும் பிடித்த பயிற்சியிலிருந்து வந்த ஆட்டம். அதிலேயே சாணம் கரைப்பது மாதிரியான வீட்டு வேலை அசைவுகளும் உண்டு. எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

சென்னையில் இருந்த நடனக் கலைஞர் சந்திரலேகா 1985இல் 'அங்கிகா' என்ற படைப்பில் பரதம், கேரளத்துப் போர்க்கலையான களரி, யோகா மூன்றையும் ஒன்றாக எடுத்தார். களரியின் பாய்ச்சலை மட்டும் கிள்ளியெடுத்து நடுவில் செருகவில்லை, உடம்பின் பலம் எங்கிருந்து கிளம்புகிறது என்று முதுகெலும்பில் தேடினார். 2001இல் வந்த 'சரீரா'வில் ஒரு பெண்ணும் ஒரு களரிக்காரரும், துருபத் என்ற இந்துஸ்தானி இசைக்கு அவ்வளவு நிதானமாக அசைவார்கள். எதிராளி அங்கே இருக்கிறார், சண்டைதான் இல்லை.

சடங்கு விஷயமும் அந்தக் கம்பு மாதிரிதான். களரி பயிலும் கூடத்துக்குள் வலது காலை வைத்து நுழைந்து தரையைத் தொட்டுக் கும்பிடுவது, வெளியில் இருந்த புத்தியைக் கழற்றி வைக்கிற வேலை. அதை மேடையில் விளக்கேற்றும் முதல் காட்சியாக்கிவிட்டு அப்புறம் மறந்துவிடுகிறார்கள். மூன்று வாரப் பயிலரங்கில் கற்றுக்கொண்டு ஆடினால் வேறென்ன கிடைக்கும்?

அந்த நிகழ்ச்சியின் தாளில் ஒளி அமைத்தவர், உடை தைத்தவர் எல்லார் பெயரும் இருந்தது. கம்பு சொல்லிக்கொடுத்தவர் பெயரைத் தேடினேன், கடைசியில் 'நன்றி' என்ற இடத்தில் பொடி எழுத்தில், அரங்கத்துக்காரருக்கும் கீழே இருந்தது. முடிந்து வெளியே வந்தால் வாசலோரம் ஒரு பெரியவர் ஐந்து கம்பையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். எப்படி இருந்தது ஆசானே என்றேன்.

"பசங்க நல்லா உழைச்சாங்க தம்பி" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.